எல்லை தாண்டாத கங்காணி

கோயிலில் கொடியேற்றி மூன்றாம் நாள் காலை, பெரட்டுத் திடலில் நின்று ஆட்களை வேலைக்குப் பிரித்துக்கொண்டிருந்தபோது சபாபதி கங்காணிக்கு வயிற்றின் வலப்பக்கம் சுருக்கென்றது. அவர் அதை மதிக்கவில்லை. வலியும் அவரை மதிக்காமல் மறுபடி வந்தது. இந்தத் தடவை குடையை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

"முகமெல்லாம் வேர்த்திருக்கே கங்காணியாரே" என்றார் பூசாரி மணியம். அவரும் பால்மரம் வெட்டுகிறவர்தான். திருவிழா நாட்களில் மட்டும் மரியாதை கொஞ்சம் கூடும்.

"வெயிலு."

"இன்னும் விடியவே இல்லீங்களே."

கங்காணி முறைத்தார். பூசாரி வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

செடெனாக் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் சபாபதி முறைத்தும் நகராதவர்கள் இரண்டே பேர். ஒருவர் துரை, அவருக்குத் தமிழ் முறைப்பு விளங்காது. இன்னொருத்தி கோயிலுக்குள் இருந்த மாரியம்மன். அந்த அம்மனுக்குச் சபாபதிதான் கோயில் தலைவர். வருஷா வருஷம் கொடியேறும்போது முதல் காப்பு அவர் கையில்தான் கட்டுவார்கள். மஞ்சள் கோத்த அந்தக் கயிறு கையில் இருக்கிற வரைக்கும், கொடி இறங்குகிற வரைக்கும், கட்டியவன் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது தோட்டத்தின் நாலு மூலையிலும் பூசாரி எலுமிச்சம்பழம் புதைத்து வேப்பிலை கட்டிய இடம். செடெனாக் ஸ்டேஷனுக்குப் போகிற பாதையில் அது ஓடைமேல் கிடந்த பலகைப் பாலம். இந்தச் சட்டம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் மற்ற ஊர்களில் அதைச் சாமி பார்த்துக்கொள்ளும். இந்தத் தோட்டத்தில் சபாபதி பார்த்துக்கொள்வார்.

வீட்டுக்கு வந்து திண்டில் சாய்ந்தவரைப் பார்த்ததும் அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு நோய் விளங்கிவிட்டது.

"ஒருபொழுது இருந்து இருந்து சூடு பிடிச்சிருச்சு. இந்தாங்க, பெருங்காயத்தக் கரைச்சிருக்கேன்."

குடித்தார். வலி மேலே ஏறியது.

"அப்ப இது சூடு இல்ல, வாயு. விளக்கெண்ணெய் குடிச்சா இறங்கிடும்."

அதையும் குடித்தார். ஒருமணி நேரத்தில் அவர் பாயில் இறால் மாதிரி சுருண்டு கிடந்தார். பேச்சியம்மாள் அடுத்ததாக ஓமத்தை எடுத்தபோது, "நீ என்னைக் கொல்றதுக்கு முன்னால டிரெசரைக் கூப்பிடு" என்றார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ராஜசேகரன் வந்தார். வயிற்றின் வலப்பக்கத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். சபாபதி போட்ட சத்தத்தில் லயத்து வீட்டுச் சனமெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது.

"குடல்வால் வீங்கியிருக்கு. இதுக்கு விளக்கெண்ணெய் குடுத்த புண்ணியவாளன் யாரு?"

பேச்சியம்மாள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"இன்னிக்கே ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில அறுத்து எடுக்கணும். உள்ள உடைஞ்சா உசிருக்கு ஆபத்து. வண்டியக் கட்டுங்க."

"டிரெசர், நான் காப்பு கட்டியிருக்கேன்."

"காப்பு கையிலதான கட்டியிருக்கீங்க? நோவு வயித்துல."

"எல்லை தாண்டக் கூடாது. டாக்டரை இங்க வரச் சொல்லுங்க."

"வருவாரு. அடுத்த மாசம்."

வாசலில் நின்ற எல்லார் கண்ணும் ஒரே திசையில் திரும்பியது. வண்டியோட்டி வீரமுத்து, வேலிப் பக்கம் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

சபாபதியும் அவனைப் பார்த்தார். வயிற்று வலியை விடப் பழைய வலி ஒன்று அவருக்கு இருந்தது, அது அவனைப் பார்க்கும்போதெல்லாம் வரும்.

போன வருஷம் இதே திருவிழாவில் வீரமுத்து காப்பு கட்டியிருந்தான். அவன் தாய் கருப்பாயி ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடப்பதாகச் சேதி வந்தது. போய் ஒருதடவை முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று காலில் விழுந்தான். சபாபதி பாலத்தின் நடுவில் குடையைக் குறுக்கே பிடித்து நின்றார். "ஆத்தா பெருசா, அம்மன் பெருசா?" என்று கேட்டார். அப்போது அது பெரிய கேள்வி மாதிரிதான் இருந்தது. வீரமுத்து திரும்பிப் போனான். கோயில் மடப்பள்ளிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யார் முகத்திலும் விழிக்க மாட்டேன் என்று கிடக்கிறான் என்று பூசாரி வந்து சொன்னார். மறுநாள் கருப்பாயி போய்ச் சேர்ந்தாள். அவளுக்குக் கொள்ளி வைக்கப் பட்டணத்தில் மூத்த மகன் இருந்தான். வாயில் கடைசித் தண்ணீர் ஊற்ற, பேர் சொல்லி அவள் தேடிய சின்ன மகன் இல்லை.

சபாபதி அன்று அந்த மடப்பள்ளிக் கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றார். கூப்பிட வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டார். அதிலிருந்து வீரமுத்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதே கிடையாது. இந்த வருஷம் காப்பும் கட்டிக்கொள்ளவில்லை. சபாபதிக்கு அது விளங்காமல் இல்லை. நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். கங்காணிகளுக்கு அந்த வார்த்தை சுலபத்தில் வருவதில்லை.

"நீங்க போட்ட சட்டந்தானங்க. நீங்களே அவுத்துக்கிட்டா யாரு கேக்கப் போறா?" என்று பேச்சியம்மாள் அழுதாள்.

"வீரமுத்துவுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது உயிருக்குப் பயந்து பாலத்தைத் தாண்டினால், அன்றைக்கு ஒரு மகனைத் தடுத்தது சாமிக்காக அல்ல, வெறும் வீம்புக்காக என்று ஆகிவிடும். அதற்குச் செத்துப்போவது மேல் என்று நினைத்தார். அடுத்த வலி வந்தபோது, அவ்வளவு மேல் இல்லையோ என்றும் நினைத்தார்.

அப்போதுதான் பூசாரி மணியம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"கங்காணியாரே, ஆளு எல்லையத் தாண்டக் கூடாது. சரி. எல்லை ஆளைத் தாண்டிப் போலாம்ல?"

"என்ன ஒளறுற?"

"நீங்க போற பாதையில நான் முன்னால முன்னால எலுமிச்சம்பழம் வச்சு வேப்பிலை கட்டிக்கிட்டே போறேன். எல்லை நீண்டுகிட்டே போவும். நீங்க அதுக்குள்ளாறவே வருவீங்க. ஆஸ்பத்திரி கேட்டுல கொண்டுபோய் முடிச்சுக் கட்டிட்டா, அதுவும் நம்ம அம்மன் எல்லைதான்."

"இப்படி எங்கயாவது நடந்திருக்கா?"

பூசாரி கூரையைப் பார்த்தார். "எங்கயாவது நடந்திருக்கும்ங்க."

சபாபதி யோசித்தார். குற்றம் கண்டுபிடிக்க முயன்றார். வயிறு விடவில்லை. "சரி" என்று முனகினார். சொல்லி வாய் மூடுவதற்குள் பூசாரி வாசலில் இருந்து ஒரு சாக்கு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அது எப்போது வந்து உட்கார்ந்தது என்று கேட்கும் நிலைமையில் கங்காணி இல்லை.

வீரமுத்து வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்து, அவரைக் குழந்தை மாதிரி தூக்கிப் படுக்க வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. டிரெசர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பூசாரி முன்னால் நடந்தார்.

பாலத்தைக் கடந்தார்கள். சாமி ஒன்றும் செய்யவில்லை. அது வரைக்கும் நல்லதுதான். ஆனால் சபாபதி சபாபதியாகவே இருந்தார்.

"நிறுத்து! அந்த வளைவுல பழம் வைக்கல."

"வச்சேனுங்க."

"நான் பாத்துக்கிட்டுத்தான வாரேன். திருப்பு வண்டிய!"

"ஐயா, உங்க குடல்வால் உடையப் போவுது" என்று டிரெசர் கத்தினார்.

"எல்லை உடையக் கூடாது."

வண்டி திரும்பியது. குழியில் இறங்கி ஏறியது. ஒவ்வொரு குழிக்கும் கங்காணி ஒரு சாமியைக் கூப்பிட்டார். வளைவில் பழத்தை வைத்துவிட்டு மறுபடி கிளம்பினால், இந்தத் தடவை மாடு நின்றுவிட்டது. இடப்பக்கத்து மாடு, பூசாரி வண்டி முகப்பில் செருகி வைத்திருந்த வேப்பிலைக் கட்டை முக்கால்வாசி மென்று முடித்திருந்தது.

"அலமாக்!" என்றார் பூசாரி. "எல்லைய மாடு தின்னுருச்சு."

"திரும்பிப் போய்க் கோயில் மரத்துல ஒடிச்சிட்டு வா" என்றார் சபாபதி, கண்ணை மூடியபடியே.

"ரயில் போயிரும்ங்க!"

"போவட்டும்."

வீரமுத்து சட்டென்று வண்டியில் இருந்து குதித்துப் பின்பக்கம் வந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாக அவன் வாய் திறந்தான்.

"தலைவரே, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இதெல்லாம் வேண்டியதே இல்லீங்க. போன வருசம்..."

பூசாரிக்கு அந்த நேரம் பார்த்து அப்படி ஓர் இருமல் வந்தது. பாதையோரத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண்ணால் வீரமுத்துவை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இருமினார். வீரமுத்து வாயை மூடிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓட ஆரம்பித்தான்.

சபாபதி படுத்தபடியே அவனைத் திரும்பிப் பார்த்தார். போன வருஷம் என்றுதான் ஆரம்பித்தான். என் தாயைப் பார்க்க விட்டாயா என்று கேட்க வந்தான். கேட்கட்டும். கேட்க வேண்டியவன்தான். கேட்க வந்தவன், கேட்காமல் தனக்காக வேப்பிலை ஒடிக்க ஓடுகிறான். அந்த ஓட்டத்தைப் பார்க்கப் பார்க்க, வண்டிக்குள் படுத்திருந்த மனிதருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அவன் மூச்சு வாங்க ஒரு கட்டு வேப்பிலையோடு வந்து சேர்ந்து, மாட்டை விரட்டி, ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ரயில் ஊதிவிட்டது. டிரெசர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்ஜினுக்கு முன்னால் ஓடினார். ரயில் நின்றது. மலாய்க்கார கார்டு கோபமாக இறங்கி வந்தார். வந்தவர், பாயில் கிடக்கிற நோயாளியைப் பார்க்கவில்லை. பூசாரியையும் அவர் தோளில் இருந்த சாக்கையும் பார்த்தார்.

"லிமாவ் லாகி?" என்றார். மறுபடியும் எலுமிச்சம்பழமா என்று.

பூசாரி அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் என்னவோ சொன்னார். கார்டு சபாபதியைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். ஏதோ சந்தைக்குப் பழம் கொண்டுபோகிற ஆள் என்று நினைத்திருப்பார் என்று கங்காணி எண்ணினார். அதற்கு மேல் எண்ண வலி விடவில்லை.

ரயிலில் எல்லை கட்டுவது சிரமம். ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். பூசாரி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே போட்டு, பாலம் வரும்போதெல்லாம் ஒரு பழத்தை விட்டெறிந்தார். சபாபதி ஒவ்வொன்றும் விழுகிற சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். கூலாய் ஸ்டேஷன் தாண்டியதும் சாக்கு காலி.

"பழம் தீந்துருச்சுங்க."

"அப்ப நிறுத்து ரயில!"

"வாழப்பழம் இருக்கு. எறியவா?"

"எந்த ஊர்ல வாழப்பழத்துல எல்லை கட்டுறான்?"

எதிர்ப் பலகையில் கூடையோடு உட்கார்ந்திருந்த சீனக் கிழவி இதையெல்லாம் ஆரம்பம் முதல் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடைக்குள் கைவிட்டு, கோலிக்குண்டு அளவில் இருந்த கஸ்தூரி எலுமிச்சைகளை இரண்டு கை நிறைய அள்ளிப் பூசாரியிடம் கொடுத்தாள். நோயாளி பக்கம் பார்த்து இரக்கத்தோடு என்னவோ சொன்னாள்.

"சின்னதா இருக்கே" என்றார் கங்காணி.

"எல்லையும் இங்கிட்டு ஒடுக்கமாத்தான் இருக்கும்ங்க" என்றார் பூசாரி. டிரெசர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் கட்டிலோடு ஆள் வந்து நின்றும் சபாபதி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்தார். கடைசி முடிச்சு விழ வேண்டும். பூசாரிக்கு எட்டவில்லை. அந்த வழியாக வந்த புஷ்பவள்ளி என்ற ஆயா, யாரும் கேட்காமலேயே ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். பூசாரி ஏறி வேப்பிலையைக் கட்டினார்.

"கட்டியாச்சு" என்றார்.

"இறுக்கிக் கட்டு" என்றார் சபாபதி. அப்புறம்தான் கம்பியை விட்டார்.

மேசையில் படுக்க வைத்து மூக்கில் துணியை வைத்தபோது, திரும்பி எழுந்திருக்க மாட்டோம் என்றே அவர் நம்பினார். அந்த நேரத்தில் பேச்சியம்மாள் நினைவுக்கு வரவில்லை, அம்மன்கூட வரவில்லை. சாத்தின மடப்பள்ளிக் கதவுதான் வந்தது. அன்றைக்கு ஒரு தடவை தட்டியிருக்கலாம். தட்டி, போடா, உங்காத்தாளைப் போய்ப் பாரு என்று சொல்லியிருக்கலாம். துணியின் வாடை மேலே மேலே வந்தது. கதவு மங்கிப் போயிற்று.

சபாபதி பிழைத்துக்கொண்டார். விழித்தபோது நல்ல வெளிச்சமாக இருந்தது. இன்னும் ஒரு நாழிகை போயிருந்தால் உடைந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதைச் சாக்காக வைத்து எல்லாரையும் திட்டிவிட்டு, டிரெசர் தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். பூசாரியும் போய்விட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், வீரமுத்து உட்கார்ந்திருந்தான். வண்டியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு அவனும் அதே ரயிலில் வந்திருக்கிறான்.

"வீரமுத்து."

அவன் எழுந்து நின்றான். தரையைப் பார்த்தான்.

"டேய், இங்க பாரு என்னைய. போன வருசம் நான் பாலத்துல நின்னு உன்ன மறிச்சேன். எனக்குன்னு வந்ததும் எல்லையவே தூக்கிக்கிட்டு வந்துட்டேன். உனக்கும் இப்படிச் செஞ்சிருக்கலாம்ல? ஒரு கூடைப் பழம். அவ்வளவுதான. எனக்குத் தோணலைடா. தோணக் கூடாதுன்னு இருந்தேன். உங்காத்தா உன்னத் தேடிக்கிட்டே போயிட்டா. நான் இனிமே என்ன செஞ்சாலும் அது திரும்பாது. என்னை மன்னிச்சிருடா."

தையல் போட்ட வயிறு அழுவதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் அழுதார். அந்தத் தோட்டத்தில் ஒருவரும் பார்த்திராத காட்சி அது.

வீரமுத்துவின் முகம் கோணிக்கொண்டு போயிற்று. அவன் படாரென்று கட்டிலின் கால்மாட்டில் விழுந்தான்.

"நீங்க அழுவாதீங்க தலைவரே! நீங்க அழக் கூடாது! நீங்கதான் என்னை மன்னிக்கணும். உங்க மூஞ்சியப் பாக்குற யோக்கியத எனக்கு இல்லீங்க!"

சொல்லிவிட்டு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடிவிட்டான்.

சபாபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம் செய்தவர் அவர். மன்னிப்புக் கேட்கிறவன் அவன். நல்ல பிள்ளைகள் இப்படித்தான் போலும், நம் குற்றத்தையும் தங்கள் தலையில் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டார். மணிக்கட்டைப் பார்த்தார். காப்பு அப்படியே இருந்தது. டாக்டர் அதை அவிழ்க்காமல் மேலேயே துணி சுற்றியிருந்தார்.

புஷ்பவள்ளி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கும் செடெனாக் பக்கந்தானா? அந்தக் கேட்டுல வேப்பிலை கட்டணும்னு இந்தப் பாடு பட்டீங்களே."

"எல்லை கட்டாம வர முடியாதும்மா. எங்க தோட்டத்துக் கட்டுப்பாடு அப்படி."

ஆயா கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"உங்ககிட்ட யாரும் சொல்லலையா? போன வருசமே இதே பூசாரியும் உங்க தோட்டத்து ஆளுங்களும் வழி நெடுகப் பழம் போட்டுக்கிட்டு வந்து, இப்ப ஓடுச்சே அந்தப் பிள்ளைய அவங்கம்மாகிட்டக் கொண்டாந்து விட்டாங்க, அந்தம்மா அவன் மடியிலதான் தண்ணி குடிச்சுட்டுக் கண்ண மூடுச்சு. அன்னைக்குக் கட்டின வேப்பிலை இன்னும் அந்தக் கேட்டுலதான் காஞ்சு தொங்குது, அவுத்துடாத தாயி, எங்க கோயில் தலைவருக்கு மட்டும் தெரியாமப் பாத்துக்கன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டுல்ல போனாங்க!"